ஆட்டுக்குட்டிக்கு முடி வைத்தது

“உனக்கு இன்னாத்துக்குடி அதெல்லாம்? உங்கம்மா சினிமா கம்பெனிக்குப் போனா, சம்பாதிச்சா, உன்னப் பெத்தா. அது போதாதா? எப்படிப் போனா, யாரு தடுத்தான்னு தோண்டணுமா? போயி படிக்கிற வழியப் பாரு!”

பேத்தியை இப்படித் திட்டித்தான் அனுப்பினேன். ஆனால் கிளறிவிட்ட பிறகு எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்போது ஆம்பூர் பக்கம் மாதனூரில் இருந்தோம். சென்னையில் அனிமேஷன், அதாவது கம்ப்யூட்டரில் பொம்மைப்படம் செய்யப் படித்துவிட்டு வந்த என் மகள், வீட்டில் கம்ப்யூட்டரே கதி என்று உட்கார்ந்திருப்பாள். ஒரு சினிமா கம்பெனி அவளிடம் ஓர் ஆட்டுக்குட்டியை ஒப்படைத்திருந்தது. மழையில் நனைந்து உடம்பை உதறும் குட்டி. பொங்கலுக்குள் அதை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் சென்னையில் வேலை. இல்லையென்றால் இல்லை.

குட்டியை அவள் உதற வைத்துவிட்டாள். ஆனால் ஒவ்வொரு முடிக்கும் வெளிச்சமும் நிழலும் போட்டு, படம் படமாக முடித்துத் தர வேண்டியது கம்ப்யூட்டர். ரெண்டரிங் என்பாள். எங்கள் கம்ப்யூட்டர் குட்டியின் வாலுக்கு வந்ததும் மயங்கி விழுந்துவிடும்.

“மெமரி பத்தலம்மா. முடி ஜாஸ்தி, இது தாங்கல.”

“நம்ம ஊர் தோல் பதனிடற எடத்துல தோல்ல இருக்கிற முடிய எடுக்கறதுக்குத்தான் கூலி குடுக்கறான். நீ ஒருத்திதான்டி முடி வெக்கறதுக்குக் கூலி கேக்கறே,” என்றேன்.

அவள் சிரித்தாள். என் மகன் சிரிக்கவில்லை. அவளுக்கு அண்ணன், ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். தங்கை வெளியூர் போவது அவனுக்குப் பிடிக்காது. “இங்க கம்பெனிலயே கம்ப்யூட்டர் வேல இருக்குது. பஸ்ஸு வாசலுக்கே வருது. அங்க இன்னா வெச்சிருக்கு?” என்பான். அப்படிப்பட்டவன், வேலூருக்குப் போய் நானே புது மெமரி வாங்கி வருகிறேன் என்றான். குடத்தை நகர்த்தச் சொன்னாலே முதுகு பிடித்துக்கொள்ளும் பிள்ளை! எனக்கு அங்கேயே உறுத்தியது.

பழையதைக் காட்டினால்தான் அதற்குப் பொருத்தமாகக் கொடுப்பார்கள் என்று கழற்றி வைத்தான். விரல் நீளத்துக்குப் பச்சை அட்டை, ஒரு ஓரம் முழுக்கத் தங்க நிறப் பற்கள். கடைக்காரன் இதையே துடைத்துப் புதுசு என்று தலையில் கட்டிவிட்டால்? நானும் ஷூ கம்பெனியில் தைத்தவள்தான். தோலில் குறி வைக்கிற வெள்ளிப் பேனா வீட்டில் கிடந்தது. மகன் சட்டை மாட்டப் போன நேரம், அட்டையின் முதுகில் மூலையாகப் பார்த்து ஒரு புள்ளி வைத்தேன்.

சாயங்காலம் வந்தான், மாட்டினான். மறுநாள் குட்டி மறுபடியும் வாலில் நின்றது. மகள் அழுதுவிட்டாள்.

“இந்த சிஸ்டத்துக்கு அவ்ளோதான். விட்டுடு,” என்றான் மகன்.

“கடைக்காரன் ஏமாத்தியிருப்பான்டா.”

“சும்மா சொல்லாதம்மா. சீல் வெச்ச கவர என் கண்ணு முன்னாடிதான் பிரிச்சான்.”

அவன் வேலைக்குப் போனதும் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். மகள் அட்டையைக் கழற்றி என் கையில் வைத்தாள். மூலையில் என் புள்ளி மினுங்கியது. கடையில் பிரித்தது புதுசு; பெட்டிக்குள் இருப்பது பழசு. நடுவில் இருந்தவன் ஒருவன்தான்.

“இன்னாம்மா பாக்கறே?”

“ஒண்ணுமில்ல, தூசி.”

அவளிடம் சொல்லியிருந்தால் அண்ணன் முகத்தில் அதற்கப்புறம் விழித்திருக்க மாட்டாள். அன்று சாப்பிடும்போது, அவள் கை கழுவ எழுந்து போன நேரம் பார்த்து மகனுக்குக் குழம்பு ஊற்றினேன்.

“நாளைக்கு நானும் வேலூருக்கு வர்றேன்டா. பழசுல வெள்ளிப் பேனால புள்ளி வெச்சேன். அதே புள்ளி இப்பவும் இருக்குது. கடைக்காரன ரெண்டுல ஒண்ணு கேட்டுடலாம்.”

வாய்க்குப் போன கை நின்றது.

“நீ இன்னாத்துக்கும்மா பேஜார் படறே? நானே போயி மாத்திக்கினு வர்றேன்.”

காலையில் வண்டியை எடுத்தான். நான் அடுப்பில் வைத்த பருப்பு வேகும் முன்னே திரும்பிவிட்டான். அந்த நேரத்தில் வேலூருக்குப் போய்வர அவனுக்கு இறக்கைதான் முளைத்திருக்க வேண்டும். புதுசை எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. புது மெமரியை மாட்டினான். குட்டி தலை முதல் வால் வரை முடியோடு உதறியது. சென்னையிலிருந்து மகளை வரச் சொல்லிவிட்டார்கள்.

அவன் மட்டும் உம்மென்று திரிந்தான். கிளம்புகிற அன்று வேறு ஏதாவது கோளாறு செய்வானோ என்று பயந்தேன். மறுநாள் கம்பெனி பஸ்ஸுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். அவனும் நின்றான்; நாலு பேர் முன்னால் சொன்னதை அவன் மறுக்க மாட்டான். நான் போய், அவன் காதில் விழும்படி, பாய் வீட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

“அண்ணன்னா இப்படி இருக்கணும். தங்கச்சிக்காக ரெண்டு தரம் வேலூருக்கு ஓடினான். வர்ற ஞாயித்துக்கெழம காட்பாடில ரயிலேறி, அவனே கூடப் போயி, சென்னைல ரூம் பாத்து விட்டுட்டு வர்றானாம். நான் சொல்லவே இல்லம்மா, அவனாதான் சொன்னான்!”