கையில்லாத பிளவுஸும் திறக்காத வீடியோவும்

வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: சத்தம் வந்து படம் வராத கோப்பைப் போல ஒரு தொல்லை நம் தொழிலில் வேறொன்றும் இல்லை. எனக்கு அப்படி ஒன்று வந்தது என் வீட்டிலிருந்தேதான்.

என் மனைவி சரோஜாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரி வார்டில், பார்வையாளர் நேரம் முடிந்து தாதி எல்லோரையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தபோது. எங்கள் ஊரான அம்பிட்டியவில், வீட்டின் முன்னறையில் இருந்தபடி அவள் இணையத்தில் சாரி பிளவுஸ் தைக்கக் கற்றுக்கொடுத்து வந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும் சேர்ந்த வகுப்பு. நான் பதிவு செய்து, வெட்டி ஒட்டி அனுப்புவேன். கழுத்து, முன்பக்கம், முதுகுப் பாடங்கள் எல்லாம் பிள்ளைகளுக்குப் போய்விட்டன; கை வைக்கும் பாடம் மட்டும் என் கணினியில் கிடந்தது. போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: “நாளைக்கு வரும்போது கைப் பாடத்த அனுப்பிட்டு வாங்க. பிள்ளைங்க எல்லாம் கையில்லாத பிளவுஸோட உக்காந்திருக்குதுங்க.”

விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

கறுப்புச் சதுரம்

அந்தப் பாடத்தை நான் புதிய முறையொன்றில் பதிந்திருந்தேன். ஏவி ஒன் என்பார்கள். படத்தைச் சுருக்கி வைக்கும் கோடெக். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், கோப்பும் சிறியது. நிறைந்துகொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்குக்கு இதைவிட என்ன வேண்டும்? சும்மா ஓட்டிப் பார்த்தால் ஓடியது. எடிட்டிங் மென்பொருளில் போட்டால் கறுப்புச் சதுரம். அதற்குள்ளிருந்து சரோஜாவின் குரல் மட்டும் வந்தது.

பழைய கோடெக்குக்கு மாற்றினால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். மாற்றினேன். கறுப்புத் துணியில் அவள் சோக்கட்டியால் போட்ட கோடு மங்கிப்போனது; கோடு இல்லாமல் தையல் பாடம் எதற்கு? வெட்டாமல் அப்படியே அனுப்பவும் வழியில்லை. நடுவில் ஒருமுறை அக்குளைத் தப்பாக வெட்டிவிட்டு, “இத எடுத்திருங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி வெட்டியிருக்கிறாள். பிள்ளைகள் தப்பையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள்.

இதற்குள் கலகெதரவிலிருந்து யோகேஸ்வரி போன் எடுத்தாள். வகுப்பில் கெட்டிக்காரி. “அங்கிள், கல்யாண வீட்டு ஆர்டர் ஒன்னு எடுத்திட்டேன். மொத ஆர்டர். எல்லாம் தச்சாச்சு, கை மட்டும் பாக்கி. டீச்சரோட பாடம் வரலேன்னா அவங்க வேற டெய்லர்கிட்ட போயிருவாங்க.”

கரைந்த மாப்பிள்ளை

நான் பயன்படுத்தும் மென்பொருளின் உள்வேலையை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சும்மா உழைத்துச் செய்தது. எனக்குப் புரோகிராமிங் யாரும் சொல்லித் தரவில்லை. கெமராவைக் கழற்றிப் பழகியதைப் போலவே இதையும் கழற்றிப் பழகினேன். ஏவி ஒன்னைத் திறக்கும் பகுதியைத் தேடி எடுத்து அதற்குள் பொருத்தினேன். படம் வந்தது!

சோதித்துப் பார்க்க, மடவளையில் கல்யாண வீடியோ எடுக்கும் என் நண்பர் நிசாமைக் கூப்பிட்டேன். அவருடைய வீடியோ ஒன்றை ஏவி ஒன்னாக்கி, நடுவில் ஓரிடத்தில் கிளிக் செய்தேன். வீடியோவில் எல்லாப் படமும் முழுப்படம் இல்லை. இடைக்கிடை ஒன்று முழுதாக இருக்கும். மற்றவை அதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். நடுவில் குதிக்கிறவன் முந்திய முழுப்படம்வரை பின்னால் போய்வர வேண்டும். நான் பொருத்திய பகுதி அப்படிப் பின்னால் போகவில்லை. மாலையும் முகமுமாக மாப்பிள்ளை சோபாவில் வழிந்தார். நிசாம் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார்: “என்ன மச்சான் இது, நிக்காஹ் முடிய முந்தி மாப்புள்ளய கரச்சிட்டீங்களே!”

காட்டாத படம்

அதைச் சரிசெய்து, பாடத்தின் முதல் பாதியை வெட்டி யோகேஸ்வரிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. “அங்கிள், டீச்சர் வெட்டியாச்சுன்னு சொல்றாங்க, கத்திரிக்கோல இன்னும் கையிலயே எடுக்கல.”

போகப்போகப் படம் குரலுக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்தது. காரணத்தைத் தேடியபோதுதான் அந்த அதிசயத்தைக் கண்டேன். ஏவி ஒன்னில் திரைக்கு வரவே வராத படங்கள் உண்டு. அவற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அவற்றைப் பார்த்து மற்றப் படங்களைக் கட்ட வேண்டும், காட்டக் கூடாது. நான் அவற்றுக்கும் நேரம் ஒதுக்கி, காட்டிக்கொண்டிருந்தேன்; அதனால்தான் படம் பிந்தியது.

திருத்துவதற்கு முன், ஆவல் தாங்காமல், அந்தப் படங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன். முன்னும் பின்னுமுள்ள பல கணங்களைக் கலந்து செய்த படங்கள் அவை. நடுக்கமில்லை, புள்ளியில்லை; கை, துணி, சோக் மட்டும். பக்கத்திலிருந்த நிசாம் கிட்டக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்தப் படத்த எந்தக் கெமராவும் எடுக்கல்லயே. அப்ப ஆரு எடுத்த?”

சோதனைக்கு ஒரு துண்டு

அதையும் திருத்திய பிறகு முழுப் பாடமும் போய்ச் சேர்ந்தது. கம்பியில் வரிசையாகத் தொங்கும் பிளவுஸ்களின் படத்தை யோகேஸ்வரி அனுப்பினாள், எல்லாவற்றுக்கும் கை இருந்தது. கீழே எழுதியிருந்தாள்: “மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களும் தைக்கக் கேக்குறாங்க அங்கிள். டீச்சர் இருந்தா கை சுருக்கத்துக்குத் திட்டியிருப்பாங்க.”

மிஞ்சியது என் திருத்தத்தை எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருளோடு சேர்ப்பது. அனுப்புவதை ஒருவர் சரிபார்த்த பிறகுதான் சேர்ப்பார்கள். எனக்கு வாய்த்தவர் வெளிநாட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெடியன், தர்ஷன். நான் எழுதிய புரோகிராமில் பிழை பிழையாகக் கண்டுபிடித்தான். கடைசியில், “ஐயா, எல்லாம் சரி. சோதினைக்கு ஒரு குட்டி வீடியோத் துண்டு வேணும். ஆராவது பிறகு எதையாவது மாத்தினா, அந்தத் துண்டு இன்னும் சரியாத் திறக்குதோ எண்டு மெசினே பாத்துக்கொள்ளும்” என்றான்.

நிசாமின் கல்யாண வீடியோ பிறர் வீட்டுடையது; அதை விட்டால் என்னிடம் ஏவி ஒன்னில் வேறு என்ன இருந்தது? பாடத்திலிருந்து சில நொடிகளை வெட்டி அனுப்பினேன்: முகமில்லை, குரலில்லை, கறுப்புத் துணியில் சோக் பிடித்த கை மட்டும். “ஆற்ற கை ஐயா?” என்று கேட்டான். என் மனைவியின் கை, அவள் இப்போது இல்லை என்றேன். பிறகு எழுதினான்: “ஓம், இது போதும். கோடு மங்கினா உடன பிழை தெரியும்.”

இப்போது உலகத்தில் யார் அந்த மென்பொருளில் எதை மாற்றினாலும், யாரும் பார்க்காத ஒரு கணினியில் சரோஜா கோட்டைப் போட்டு முடித்த பிறகுதான் அது வெளியே போகிறது.