எண்ணெய் விடாத சுவிட்ச்

சுகன்யாவுக்குச் சத்தம் போடும் கீபோர்டு வேண்டும். சும்மா இல்லை, அடுத்த அறைவரை கேட்க வேண்டும். ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தம் போதாதா என்று நாம் கேட்கலாம். அவள் கவலை அவளுக்கு.

வீட்டிலிருந்தே பத்திரம் டைப் அடிக்கிறவள் அவள். கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே இன்னார் நிலம் என்று நாளெல்லாம் எல்லை அடிப்பாள். புருஷன் கந்தவேல் போர்வெல் ரிக் வண்டியோடு போய், மத்தியப் பிரதேசத்தில் எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கிறான். ஆடியில் மழை பிடித்து வேலை நின்றால்தான் ஊர் திரும்புவான். தினமும் மதியம் போன் போடுவான். சாப்பிட்டாச்சா? ஆச்சு. அதற்குமேல் என்ன பேசுவது? வைக்கவும் மனசு வராது. அவள் டைப் அடிப்பாள். அவன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்டபடி படுத்திருப்பான்.

"அந்தச் சத்தம் கேட்டா ஊட்ல இருக்கற மாதிரியே இருக்குது புள்ள" என்பான்.

அந்தப் பழைய கீபோர்டு செத்துப்போனது. புதிதாக வாங்கியது சரியான ஊமை. நிமிஷத்துக்கு ஒரு தரம் அவன், "அல்லோ, இருக்கறயா? லைன் கட்டாயிருச்சா?" என்று கத்தினான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீடியோ பார்த்துப் பாகங்களைத் தனித்தனியாக வரவழைத்தாள். பலகை, எழுத்துக் கட்டைகள், கட்டைக்கு ஒன்றாக அடியில் மாட்ட நீலத் தண்டு வைத்த சுவிட்சுகள். அழுத்தினால் ஒவ்வொன்றும் 'டிக்' என்று கணீரென்றது. அதோடு விட்டிருக்கலாம் மகராசி! தறிக்காரர் வீட்டில் பிறந்த கை சும்மா இருக்குமா? புது சாமான் எதுவானாலும் ஓட்டுவதற்குமுன் எண்ணெய் விடுவது பிறந்த வீட்டுப் பழக்கம். தறி எண்ணெயை ஊசியில் தொட்டுச் சுவிட்சுக்கு ஒரு சொட்டு விட்டாள். எல்லாவற்றையும் மாட்டி அழுத்தினால் சத்தத்தைக் காணோம். கழற்றித் துடைத்தாள், ஊதினாள், வெயிலில் காயவைத்தாள். ம்ஹூம்.

உபரியாக வந்திருந்த ஒரு சுவிட்சு மட்டும் எண்ணெய்க்குத் தப்பிப் பொட்டலத்தின் மூலையில் கிடந்தது. ஒன்றே ஒன்று. எந்த எழுத்துக்கு வைப்பது? வெகுநேரம் யோசித்து ஸ்பேஸ் பாருக்கு அடியில் மாட்டினாள். வார்த்தைக்கு ஒரு தரமாவது அவனுக்குக் கேட்குமே.

மறுநாள் மதியம் போன் வந்தது. அவள் அடிக்க ஆரம்பித்தாள்.

"என்ன புள்ள, சத்தம் அப்பப்பத்தான் வருது?"

"எண்ணெய ஊத்திக் கெடுத்துப்போட்டனுங்க. ஆடிக்கு வாரீங்கல்ல, வந்து புதுசு மாட்டிக் குடுங்க."

அவன் மெதுவாகச் சொன்னான்.

"மொதலாளி வண்டிய ராஜஸ்தானுக்குத் திருப்பச் சொல்லிட்டாரு. அங்க மழை கம்மியாம், வேலை நிக்காதாம். இந்த ஆடிக்கு வர முடியாது சாமி."

எட்டு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவள். டைப் அடித்த கை அப்படியே நின்றது.

"சுகன்யா? இருக்கறயா?"

வாயைத் திறந்தால் உடைந்துவிடுவாள். ஸ்பேஸ் பாரை ஒரு தரம் தட்டினாள். டிக்.

"இருக்கறயா?"

டிக்.

அவன் போனை வைக்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை. திரையில் 'வடக்கே' என்ற சொல்லுக்குப் பிறகு ஓர் எழுத்தும் விழாமல் வரி காலியாக நீண்டுகொண்டே போனது.