தாதா கொண்டுவந்த கட்டுச்சோறு

ஒரு கொலைகாரன் மேல எனக்குப் பாசம் வந்த கதையைச் சொன்னா, எங்க ஊட்டுக்காரர் இன்னைக்கும் சிரிக்கறாருங்க. டி.வி. சீரியல்ல வந்த தாதா அவன். ஆளைக் கடத்துவான், வெட்டுவான், கூட இருக்கறவனையே போட்டுத்தள்ளுவான். அத்தனையும் தெரிஞ்சும், செவ்வாக்கெழமையானா வேலையெல்லாம் முடிச்சுப்போட்டு அவனுக்காக டி.வி. முன்னால உக்காந்துக்குவேன்.

தொண்ணூறுகள்ல, பீளமேட்டுல வாடகை ஊடு. நான் மாசமா இருந்தேன். வேற சாதியில கட்டிக்கிட்டேன்னு, காரமடையில இருந்த எங்கப்பா எங்கூடப் பேச்சையே நிறுத்திட்டாரு. எங்க பக்கம் புள்ளைத்தாச்சிக்குப் பொறந்த ஊட்டுல இருந்து கட்டுச்சோறு கொண்டாரணுமுங்க. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறுன்னு ஆக்கி எடுத்தாந்து, அவளை உக்கார வெச்சுத் திங்க வெச்சு, பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டாப் போதும், நான் எட்டிப் பார்ப்பேன். வெக்கங்கெட்ட மனசு.

அந்த வாரம் பாருங்க, தாதாவோட மகளும் மாசமா இருக்கறா. அவளும் ஓடிப்போய்க் கட்டிக்கிட்டவதான். போலீசு அவனை ஊரெல்லாம் தேடுது. அந்தப் பாவி, தூக்குப்போசியில சோத்தோட அவ வாசல்ல வந்து நிக்கறான். "மொதல்ல சாப்புடு கண்ணு, அப்பறம் என்னையத் திட்டு"ன்னான். அவ்வளவுதானுங்க, எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு.

"ஏனம்மணி, வலிக்குதா?"ன்னு ஊட்டுக்காரர் ஓடியாந்தாரு.

"எனக்கு இப்படி ஒரு அப்பன் இருந்தாப் போதுங்க. கொலைகாரனா இருந்தாலும் பரவால்லைங்க"ன்னேன். அவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு.

எனக்குக் கட்டுச்சோறு வரல. மகன் பொறந்தப்பறம், அப்பாவுக்குச் சொல்லாம அம்மா மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. அந்த தாதா கதையை நான் சொன்னதும், பேரனை மடியில போட்டுக்கிட்டுச் சொன்னாங்க:

"உங்கப்பாவும் அந்த நாடகம் பார்த்தாரு கண்ணு. அவன் சோத்தோட வந்து நின்னதும் எந்திரிச்சுப் போயிட்டாரு. விடியறதுக்குள்ள என்னைய எழுப்பிப் புளி கரைக்கச் சொன்னாரு. எல்லாம் ஆக்கிக் கட்டிக் காருல வெச்சு, பாதி தூரத்துக்கு மேல, துடியலூர் வரைக்கும் வந்துபோட்டோம். அங்க நிறுத்தி, 'ஊருக்குள்ள நாளைக்கு என்ன பேசுவாங்க'ன்னாரு. வண்டியத் திருப்பிட்டாரு."

துடியலூர்ல இருந்து எங்க ஊடு எவ்வளவு தூரமுங்க? போலீசு தொரத்தியும் அவன் வந்தான். எங்கப்பா ஊர் வாய்க்குப் பயந்துட்டாரு.

ஆறிப்போன சோறா இருந்தாலும் தின்னிருப்பேனுங்க.