எட்டு டன் தானியேல்

டைனோசரின் தலைக்குள் நாற்றம் குடலைப் பிடுங்கும். சுகுமார் வாடகைக்கு விடும் அந்த ரப்பர் தலையை நான் ஒரே ஒரு தடவை மாட்டிப் பார்த்திருக்கிறேன். பழைய வியர்வை, பூசணம், எலி மூத்திரம், தாடைப் பக்கம் எவனோ துப்பிக் காய்ந்த புகையிலை எச்சில். மாட்டின வேகத்தில் கழற்றி எறிந்துவிட்டு, காலையில் தின்ற நாஷ்டாவை வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு ஓரமாகக் கக்கினேன். அதற்குள் தலையை விட்டுக்கொண்டு தானியேல் ஆறு வருஷம் ஆடினான். இப்போது ஆடுவதில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. அதற்குக் காரணம் நான்தான், அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சுகுமாருக்கு வாலாஜாபாத்தில் பந்தல், நாற்காலி வாடகைக் கடை. மூடிப்போன ஏதோ பொருட்காட்சியிலிருந்து ஒரு டைனோசர் உடுப்பையும் ஒரு புலி உடுப்பையும் மலிவாகப் பிடித்துக்கொண்டு வந்தான். ‘அன்றும் இன்றும்’ என்று ஒரு ஆட்டம் தயாரானது. துணிக்கடைத் திறப்பு, பள்ளிக்கூட ஆண்டு விழா, பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாள் என்று போவோம். நான் வேதகிரி, மைக் பிடிப்பவன். மிருகங்களின் எடை, நீளம், கடியின் பலம் எல்லாவற்றையும் அறிவித்துவிட்டு, “யார் ஜெயிப்பார்கள், கையைத் தூக்குங்கள்!” என்று கத்துவேன். பிறகு புலியும் டைனோசரும் மோதும். புலிக்குள் பாண்டியன், டைனோசருக்குள் தானியேல். மூன்று பேரும் உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒரே காலனி.

தானியேல் ஒன்பதாவதோடு நின்றவன். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறான். ஆறடி உயரமும் தூண் மாதிரி தொடையும் இருந்ததால் சுகுமார் அவனைப் பிடித்துப் போட்டான். முதல் மூன்று மாசம் எல்லாரையும்போல அவனும் கையைக் காலை ஆட்டிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனான். அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பொடிசு அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, டி-ரெக்ஸுக்கு இரண்டு விரல்தான், உனக்கு ஏன் மூன்று என்று கேட்டுவிட்டது. நானாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இவன் அன்றைக்கே பிளேடால் மூன்றாவது விரலை அறுத்துவிட்டு, ஓட்டையைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டு வந்து நின்றான். சுகுமார் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். “அதுக்கு இல்லாத வெரலு எனுக்கு எதுக்குண்ணா?” என்று கேட்டான் தானியேல்.

அதிலிருந்து பைத்தியம் பிடித்துக்கொண்டது. மில்லில் சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடி விரிசல் விட்ட போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அவன் பெண்டாட்டி சோபியா பன்னிரண்டாவது படித்தவள், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவள். இங்கிலீஷில் இருப்பதை அவள் படித்துச் சொல்வாள். டைனோசரும் சிங்கமும் கட்டிப் புரள்கிற வீடியோக்கள் வந்தால் அவனுக்கு எரிச்சல் வந்துவிடும். “கம்ப்யூட்டர்ல பண்ண பொம்மை. பொம்மை சண்டையப் பாத்துட்டு எவன் கெலிப்பான்னு கத்திக்கினு கீறானுங்க, தூ!” என்று துப்புவான்.

டெம்போவில் போகும்போதெல்லாம் எனக்குப் பாடம் நடக்கும்.

“டேய், அந்தக் காலத்துல அழிஞ்சிபோன கத்திப்பல்லு பூனைய புலின்னு மைக்ல சொல்லாத. அது வேற வம்சம். பல்லு ஒரு சாண் நீளம், ஆனா கடி வீக்கு. முன்னங்காலு உலக்கை மாதிரி. அமுக்கிப் புடிச்சிக்கினு அப்பாலதான் குத்தும். எலும்புல மாட்னா பல்லு ஒடஞ்சிப்பூடும்.”

“அப்போ நம்ம புலியும் அதுவும் மோதுனா?”

“மல்லுக்கட்டுனா அது. வெரட்டிப் புடிக்கிறதுன்னா நம்மளுது. எடை கிட்டத்தட்ட ஒண்ணு, அதனால அது சமமான ஜோடி. டி-ரெக்ஸையும் புலியையும் ஜோடி சேக்கறது அநியாயம். இது எட்டு டன்னு. அது கால் டன்னு கூட இல்ல. இது ஒருவாட்டி வாய மூடுனா நாலஞ்சி டன்னு பாரம் ஒரே எடத்துல எறங்கும். அதுல புலி இன்னாடா பண்ணும்?”

“இன்னா பண்ணும்?”

“பூடும். புலி தோக்காது, ஓடிப்பூடும். அடிபட்டா வேட்டைக்குப் போவ முடியாது, போவலைன்னா பட்டினி. மிருகத்துக்கு அந்த புத்தி கீது. சண்டைய நின்னு வேடிக்க பாக்கறவன் மன்ஷந்தான்.”

ஆட்டத்தின் முடிவையும் அப்படியே மாற்றினான். பாண்டியன் புலியாகச் சுற்றிச் சுற்றி வந்து மோப்பம் பிடிப்பான், தானியேல் ஒரு தடவை குனிந்து வாயைத் திறப்பான், புலி வாலைக் கால் நடுவில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடிவிடும். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சனம் சிரித்ததால் சுகுமாரும் ஒத்துக்கொண்டான். எட்டு டன் தானியேல் என்று நாங்கள் கேலி பண்ணினோம். அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

சனம் சிரித்தது என்று எழுதும்போதே எனக்குக் கசக்கிறது. குழந்தைகளைச் சொல்லவில்லை, அதுகள் பயப்படும், அப்புறம் தொட்டுப் பார்க்கும். பெரிய மனுஷன்கள் இருக்கிறார்களே, அவர்களைப்போல அசிங்கம் பிடித்த கூட்டத்தை நான் கண்டதில்லை. உள்ளே ஒரு ஆள் வெந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தே வாலை இழுப்பான் ஒருத்தன். பின்பக்கம் குச்சியால் குத்துவான் ஒருத்தன். கல்யாணத்துக்கு வந்த ஒரு குடிகாரன் தாடைக்குள் எச்சில் இலையைத் திணித்தான், பக்கத்திலிருந்த பொம்பளைகள் அதையும் போனில் பிடித்தார்கள்.

போன காணும் பொங்கலுக்கு ஒரு ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். ஊர்ப் பேரை எழுதினால் வம்பு. ஏரியை ஒட்டிய ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பாதி நிலம் முத்துவேலுடையது. எங்கள் காலனிச் சனம் நாற்று நடுவதும் களை எடுப்பதும் அவர் கழனியில்தான். விளையாட்டுப் போட்டிகளை நடத்தியது அவர் மகன் வெங்கடேசன். இஞ்சினியரிங் முடித்துவிட்டு உடம்பை முறுக்கிக்கொண்டு திரிகிறவன். நாங்கள் டெம்போவிலிருந்து சாமானை இறக்கி உடுப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றான்.

“புலி நான் போட்டுக்கறேன்” என்றான்.

சுகுமார் இளித்தான். பாண்டியன் உடுப்பைக் கழற்றி வைத்தான். வெங்கடேசன் புலித் தலையைக் காலால் புரட்டிப் பார்த்தான்.

“இத்த யாரு போட்டுக்கினு இருந்தது?”

“நம்ம பாண்டியன்தாங்க” என்றான் சுகுமார்.

வெங்கடேசன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டான். நாறுகிறது என்று அவன் சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன், அது நாறத்தான் நாறும். அவன் நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் போட்டது என்றுதான் கேட்டான். கூட இருந்தவர்கள் ஓடிப்போய் பினாயில் பாட்டிலைக் கொண்டுவந்து தலைக்குள் மொத்தமாக ஊற்றி அலசினார்கள். அதற்கப்புறம் ஒருத்தன் செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தான். பினாயில் கிருமிக்கு. மஞ்சள் தண்ணீர் எதற்கு? பாண்டியன் பனியனோடு அங்கேயே நின்றிருந்தான். அவன் கண்முன்னாலேயே தெளித்தார்கள், ஒருத்தன் முகத்திலும் வெட்கமில்லை.

தெளித்து முடித்ததும் வெங்கடேசன் ஆட்டத்தின் முடிவைச் சொன்னான். புலி அடிக்கணும், டைனோசர் செத்து விழணும், அவன் அதன் தலைமேல் காலை வைத்து நிற்கணும், போட்டோ எடுக்கணும்.

“வுயாதுங்க” என்றான் தானியேல்.

“இன்னாது?”

“டி-ரெக்ஸ் வுயாதுங்க. எட்டு டன்னு. வோணும்னா புலி ஓடற மாதிரி பண்ணிக்கலாம், சனம் நல்லா சிரிக்கும்.”

வெங்கடேசன் அவனோடு பேசவில்லை. சுகுமாரைப் பார்த்து, “உன் ஆளுகிட்ட சொல்லு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

சுகுமார் தானியேலை டெம்போவுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான். “ஒரு நிமிசம் வுயுந்துட்டு எழுந்துருடா. இன்னா கெட்டுப்பூடும்? வுயலைன்னா இனிமே என் கடைப்பக்கம் தல காட்டாத. அவனுங்க அடிச்சாலும் நான் குறுக்க வரமாட்டேன்.”

சுகுமார் போன பிறகு நான் கெஞ்சினேன். “பேஜார் பண்ணாதடா. மஞ்சத்தண்ணிய நானுந்தான் பாத்தேன், எனுக்கும் பத்திக்கினு வருது. நாளைக்கு நம்ம சனம் அவுங்க கழனிக்குப் போவணுமா வேணாமா? ஆட்டந்தானே, வுயுந்துத் தொலை.”

“ஆட்டந்தான்” என்றான். “அதுலயாவது நெசமா நடக்கறது நடக்கட்டும். நீ எடைய கரெக்டா படி வேதகிரி. பாத்தத சொல்லு. அது போதும் எனுக்கு.”

ரப்பர்த் தலையை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்தான்.

பிற்பகல் மூன்று மணி வெயில். மைதானத்தைச் சுற்றி ஐந்நூறு பேர். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் முத்துவேல். நான் எடையைப் படித்தேன். ஒரு கிலோகூட மாற்றாமல் படித்தேன், அதுவரைக்கும் நான் மனுஷன்தான். எட்டு டன் என்றபோது ஒரு சத்தமும் இல்லை. இருநூற்றிருபது கிலோ என்றதும் விசில் பறந்தது, வெங்கடேசன் புலித் தலையோடு உள்ளே குதித்தான்.

முதலில் வயிற்றில் குத்தினான். அது பஞ்சு, ஒன்றும் ஆகவில்லை. சுற்றிவந்து முதுகில் ஏறினான். தானியேல் மெதுவாகத் திரும்பினான், வெங்கடேசன் சறுக்கிக் கீழே உட்கார்ந்தான். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவனை வெறியாக்கியது. உடுப்புக்கு வெளியே தெரிந்த முழங்காலுக்குக் கீழே பூட்ஸ் காலால் உதைத்தான். தானியேல் நின்றான். வெங்கடேசன் உறியடிக்கு வைத்திருந்த கம்பை எடுத்துவந்து தலையில் போட்டான். ரப்பருக்குள் இருப்பது மனுஷத் தலை. இரண்டு, மூன்று, நான்கு. தானியேல் தள்ளாடினான், காலை அகட்டி ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தான். உதைபட்ட காலிலிருந்து ரத்தம் வழிந்து ரப்பர் செருப்புக்குள் இறங்கியது. மூட்டை தூக்குகிற அந்த உடம்பு ஒரு தள்ளு தள்ளினால் வெங்கடேசன் ஏரித் தண்ணீரில் போய் விழுவான். தானியேல் கையை ஓங்கவே இல்லை. ஒரு தடவை குனிந்து வாயைத் திறந்து காட்டினான், அவ்வளவுதான். ஐந்து, ஆறு.

ஏழாவதை ஓங்கும்போது வெங்கடேசனால் முடியவில்லை. கம்பைப் போட்டுவிட்டு, புலித் தலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, குனிந்து மண்ணில் வாந்தியெடுத்தான். பினாயில் நெடி மூச்சை அடைத்துவிட்டது. ஓவென்று கக்கிக்கொண்டு, மூக்கிலும் வாயிலும் ஒழுக, நான்கு காலில் நின்றான். சீ, அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது.

முத்துவேல் நாற்காலியிலிருந்து எழுந்தார். மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “இன்னா பாத்துக்கினு கீறே? சொல்லுடா” என்றார். சுகுமார் என் இடுப்பைக் கிள்ளினான். பாண்டியன் இந்தப் பக்கத்திலிருந்து, “வேணான்டா” என்று மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது.

நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். “டைனோசர் மண்ணைக் கவ்வியது! புலி வென்றது! வெற்றி, வெற்றி!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

தானியேல் நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தான். அந்த அசிங்கம் பிடித்த தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. அவன் நிற்பதை ஐந்நூறு பேரும் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே கை தட்டினார்கள். என் கையில் மைக் இருந்தது. இல்லாவிட்டால் நானும் தட்டியிருப்பேன்.