திரையில் வராத எச்சரிக்கை

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில், மேற்குக் கரையில், மழை ஓயாத ஒரு மீன்பிடி ஊர். அங்கிருந்த ஒரே மருந்துக்கடை மெரில் டெஞ்சுடையது. ஒரு மருந்து இன்னொன்றோடு சேராது என்றால் கடைக் கம்ப்யூட்டரில் எச்சரிக்கைப் பெட்டி எழும். அதை மூடினால்தான் லேபிள் அச்சாகும். சத்து மாத்திரைக்கும் பெட்டி, இருமல் மருந்துக்கும் பெட்டி.

அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் ஊரையே புரட்டிப் போட்டது. வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

"ஏம்மா, மருந்து தர்றியா, இல்ல இங்கயே செத்து உன் வேலைய மிச்சம் பண்ணட்டுமா?" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். மெரிலுக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டம் சற்று ஓய்ந்ததும், மிகக் கடுமையானவை தவிர மற்ற எச்சரிக்கைகளை எல்லாம் அணைத்து வைத்தாள். தன்னிடம் வேலை பார்த்த இளம் மருந்தாளர் பிரியோனியிடம் சொல்ல நினைத்தாள், மறந்துபோனாள்.

நண்டுப் படகு ஓட்டி ஓய்ந்த கிளெம் ஆர்க்கலுக்கு, ரத்தம் உறையாமலிருக்க வருஷக்கணக்காக மாத்திரை. அவருக்குச் சளிக்காக டாக்டர் எழுதிய ஆன்டிபயாட்டிக்கை பிரியோனிதான் கொடுத்தாள். இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கட்டாமல் ஓடக்கூடும்; ஆனால் கம்ப்யூட்டர் கணக்கில் அது மிகக் கடுமையானதில் சேர்த்தி இல்லை, திரை வாயே திறக்கவில்லை. வாரக் கடைசியில் கிளெமின் மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் நிற்காமல், ஹெலிகாப்டரில் ஹோபார்ட் நகர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

"பெட்டி வந்திருக்கும் மெரில். நான்தான் பாக்காம மூடியிருக்கேன்," என்று பிரியோனி தேம்பினாள்.

"அழாதம்மா," என்றாள் மெரில். டீ போட்டுக் கொடுத்தாள். பிரியோனி முகம் கழுவப் போன நேரத்தில், எச்சரிக்கைகளைத் திரும்பப் போட்டாள்.

பிரியோனி சரியாகச் சாப்பிடவில்லை. பார்த்த மருந்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஊர்க்காரர்களோ அவளைத் தாண்டி மெரிலிடம் வந்தார்கள். "நீயே குடும்மா, அந்தப் பொண்ணு வேணாம்," என்று ரொட்டிக்கடை வில்மா பிரியோனியின் காதுபடவே சொன்னாள். மெரில் சீட்டை வாங்கி, மருந்தைக் கொடுத்தனுப்பினாள். கொடுத்த பிறகு அவளுக்குத் தன் கையையே பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்று கடையைச் சாத்தும்போது மெரில் சொன்னாள்: "அந்தப் பெட்டி வரவே இல்ல பிரியோனி. நான் அணைச்சு வச்சிருந்தேன்."

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"கிளெமைக் கொண்டுபோன அன்னிக்கே."

"டீ போட்டுக் குடுத்தீங்களே, அப்பவா?"

மெரில் தலையசைத்தாள்.

"பெட்டி வரலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அது என் தப்புதான். ஆனா நான் அழறதப் பாத்துக்கிட்டே..." முடிக்காமல் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மெரில் மருந்தாளர் வாரியத்துக்குத் தானே தெரிவித்தாள். காரை எடுத்துக்கொண்டு ஹோபார்ட்டுக்குப் போனாள். மூக்கில் பஞ்சடைத்துப் படுத்திருந்த கிளெம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"ஊர்ல?"

"இன்னும் இல்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்த? போய் அங்க சொல்லு," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "விடும்மா, கம்ப்யூட்டர் பண்ணின வேலை," என்றாள் வில்மா.

"கம்ப்யூட்டர் இல்ல வில்மா. நான் பண்ணினது."

உள்ளே பிரியோனி மாத்திரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. வசந்தம் பிறந்ததும் பர்னி என்ற ஊரில் வேறொரு மருந்துக்கடைக்குப் போய்விட்டாள்.

ஏதாவது மருந்தில் சந்தேகம் வந்தால் மெரில் இப்போதும் அவளுக்குப் போன் செய்கிறாள். பிரியோனி மரியாதையாக, பொறுமையாக விளக்குகிறாள். மருந்துப் பேச்சு முடிந்ததும், "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லி மெரில் போனை வைத்துவிடுகிறாள்.