பத்தியைப் படிக்காதீங்க

கல்லூரியில் சேர்ந்ததுமே, அடுத்த மாதம் ஒரு திறன் தேர்வு உண்டு என்றார்கள். ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்கிறோமா என்று பார்க்கும் தேர்வு. தேறாவிட்டால் ஒரு செமஸ்டர் முழுக்க அடிப்படை வகுப்பு; அது முடியும்வரை இயற்பியல் லேபுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அந்த லேபுக்காகவே இயற்பியல் எடுத்தவள் என் ஹாஸ்டல் அறைத்தோழி. உப்பிலியபுரத்துக்காரி. வீட்டில் எந்த மிக்ஸி ரிப்பேரானாலும் கழற்றிப் பார்த்தே வளர்ந்தவள்.

இரண்டு பேரும் திருச்சியிலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு டியூஷனுக்குப் போனோம். மாடியில் ஒரே அறை, நாற்பது பேர், ஒற்றை மின்விசிறி. பக்கத்தில் இருப்பவளின் வேர்வை என் கையில் ஒட்டும். சமோசா எண்ணெய் படிந்த ஜெராக்ஸ் தாளை வாங்கவே அருவருப்பாக இருக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சார் நடத்திய பாடத்தைத்தான் சகிக்க முடியவில்லை.

"பத்தியைப் படிக்காதீங்க. கேள்வியைப் பாருங்க. கேள்வியில இருக்கற வார்த்தை பத்தியில எங்க இருக்குன்னு தேடுங்க. அந்த வரியிலயே பதில் இருக்கும். அவ்வளவுதான்."

என் தோழி எழுந்தாள். "சார், ஒரு தடவை முழுசா படிச்சுட்டுத் தேடலாமா?"

"நீ கதை படிக்கவாம்மா வந்திருக்கே? பாஸ் பண்ண வந்திருக்கே."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பள்ளியில் நூலக பீரோவின் சாவியையே கையில் வைத்திருந்தவள் நான். அப்படிப்பட்டவள் மூன்றே வாரத்தில் சார் மெச்சும் மாணவியாகிவிட்டேன். என் கண் பத்தியின் மேல் ஈ மாதிரி உட்கார்ந்து எழும். எதைப் பற்றியது என்றே தெரியாது. ஆனால் பத்துக்குப் பத்து. அவளோ அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்தியோடும் முட்டி மோதிக்கொண்டிருந்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? நேரம் பத்தாது" என்று திட்டினேன்.

"புரியாம எப்படிடி டிக் பண்றது?" என்றாள்.

தேர்வைக் கம்ப்யூட்டரில் வைத்தார்கள். பாதி நேரத்திலேயே முடித்துவிட்டு நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பத்தியின் நடுவில் இருக்கும்போதே நேரம் முடிந்து அவள் திரை மூடிக்கொண்டது.

முடிவு வந்தது. எனக்கு 'சிறந்த வாசிப்புத் திறன்' என்று ஒரு சான்றிதழ். அவளுக்கு அடிப்படை வகுப்பு. வாங்கித் துவைத்து வைத்திருந்த வெள்ளை லேப் கோட்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். அழவில்லை. கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசிப் பத்தியில வர்ற லிஃப்ட் ஓட்டற பெரியவர் பாவம் இல்லடி? பட்டன் லிஃப்ட் வந்து வேலை போன பிறகும் தினம் வந்து உள்ள நிக்கறாரே. யாராச்சும் எந்த மாடின்னு சொல்ல மாட்டாங்களான்னு."

எந்தப் பெரியவர்? 'ஏழாவது மாடி' என்று ஒரு விடையைச் சொடுக்கியது மட்டும்தான் எனக்கு ஞாபகம். அதற்கு மதிப்பெண்ணும் கிடைத்திருந்தது.

"ஆமாடி, பாவம்தான்" என்றேன். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

"கடைசியில அவர் என்னதான் பண்ணினார்? அதுக்குள்ள எனக்கு டைம் முடிஞ்சிருச்சு. நீதான் முழுசா முடிச்சியே, சொல்லேன்."

சான்றிதழைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, மெஸ் திறந்தாச்சா என்று கேட்டேன்.