தூதருக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும்

உயிரோடு இருக்கிறோம் என்று எழுதிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்று ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் இருந்தது. ஒன்பது வயதில் அந்த அலுவலகத்தை நான் முழுதாக நம்பினேன். அந்த நம்பிக்கை அம்மாவை என்ன செய்தது என்று விளங்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தது.

அது போர்த்துக்கலின் கௌரவத் தூதரகம். தூதரகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறைகள், ஒரு கொடி, ஒரு முத்திரை. தூதர் மற்ற நாட்களில் அதே மேசையில் காப்புறுதி விற்பவர். வியாழக்கிழமைகளில் மட்டும் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு ஒரு நாட்டுக்கே பிரதிநிதியாகிவிடுவார்.

நாங்கள் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் போர்த்துக்கீசர். கொங்கிரீட் வேலை செய்து முதுகு வளைந்தவர். நான் அவரை அங்கிள் என்பேன். அவருடைய நாட்டுப் பென்சன் நின்றுபோகாமல் இருக்க, வருடத்துக்கு ஒரு தடவை அவர் தூதருக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். தூதர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘இவர் உயிரோடு இருக்கிறார்’ என்று எழுதி முத்திரை குத்துவார். மகன் தூரத்தில், கல்கரியில் என்பதால் அம்மாதான் வேலைக்கு லீவு போட்டுக் காரில் கூட்டிப்போவார். அன்றைக்கு அங்கிள் முகம் மழித்து, சப்பாத்து மினுக்கி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்து காரில் ஏறுவார். உயிரோடிருப்பதைக் காட்டப் போகிறவர் கொஞ்சம் எடுப்பாகத்தானே போகவேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒரு படிவம் இருந்தது. இலங்கையில் யுத்தத்தின் கடைசி நாட்களில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி, சரணடைந்த சனத்தின் வரிசையிலிருந்து அப்பாவை இராணுவத்தினர் கூட்டிப்போனார்கள். அதற்குப்பிறகு ஒரு சேதியும் இல்லை. அவர் இறந்துவிட்டதாகப் பதிவு செய்யும் படிவத்தை ஊரிலிருந்து பெரியப்பா அனுப்பியிருந்தார். அம்மா அதை என் கண்ணில் படாமல் அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். ஞாயிறு தவறாமல் பெரியப்பா போனில் வருவார்.

“சைன் வைச்சு அனுப்பு, பிள்ளை. அவன்ரை காணியாவது உன்ரை பெட்டையின்ரை பேருக்கு மாறும். எத்தினை வருசத்துக்கு உப்பிடி இருக்கப்போறாய்?”

“அவர் செத்ததை ஆர் கண்டது, அத்தான்? அவர் வருவார்.”

போனை வைத்ததும், கழுவிய பாத்திரங்களையே எடுத்து அம்மா திரும்பவும் கழுவுவார்.

எனக்கு ஒரு வழி தெரிந்தது. செத்தார் என்பதற்குப் பெரியப்பாவிடம் ஒரு கடதாசி இருந்தால், உயிரோடு இருக்கிறார் என்பதற்கு நான் ஒன்று வாங்கிவிடலாம். முத்திரையைக் கண்டால் பெரியப்பா வாயே திறக்கமாட்டார்.

அந்த வருடம் அங்கிளின் அலுவல் முடிந்து, அம்மா அவரைக் கைபிடித்து மெல்லப் படியிறக்கிக்கொண்டிருந்தார். நான் பின்தங்கி, பள்ளிக்கூடக் கொப்பிக்குள் ஒளித்துக் கொண்டுபோன அப்பாவின் படத்தைத் தூதரின் மேசையில் வைத்தேன். இவரும் உயிரோடு இருக்கிறார், எழுதித் தாருங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

தூதர் சிரிக்கவில்லை. இவர் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டார். அப்பா, இலங்கையில், எந்த இடம் என்று தெரியாது என்றேன். அவர் படத்தை என் பக்கம் மெதுவாகத் தள்ளினார். ஆளை நேரில் பார்க்காமல் எழுத முடியாது, வந்து என் முன்னால் நிற்கவேண்டும் என்றார். நல்ல மனிதர், அதோடு நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. வந்ததும் கூட்டிக்கொண்டு வா, அன்றைக்கே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார்.

“வருவார். அம்மா சொன்னவ,” என்றேன், ஆங்கிலத்தை மறந்து.

திரும்பினால் வாசலில் அம்மா. என்னைத் தேடிப் படியேறி வந்திருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. ஏசுவார் என்று பயந்தேன். ஏசவில்லை. படத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தூதரிடம் ‘சொறி’ என்று மன்னிப்புக் கேட்டார். கீழே பேக்கரியில் அங்கிள் எனக்கு வழக்கம்போல முட்டைக் கஸ்ரட் கேக் வாங்கித் தந்தார். அம்மாவின் கோப்பி அப்படியே ஆறிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அலுமாரியைத் திறந்து படிவத்தை எடுத்தார். சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, அப்பாவின் பெயரை முழுதாக எழுதினார்.

“அப்பா இஞ்சை வந்து நிக்கிறதுக்கோ, அம்மா?”

“பேப்பரை இறுக்கிப் பிடி, வழுக்குது.”

இரண்டு கையாலும் பிடித்தேன். அம்மா கையெழுத்துப் போட்டார். காத்திருப்பதைத் தான் ஒருத்தியாகவே தாங்கிவிடலாம் என்று அம்மா நினைத்திருக்கவேண்டும். நான் அதை முன்பின் தெரியாதவர் ஒருவரின் மேசைக்குக் கொண்டுபோனதைக் கண்டபிறகு அவரால் முடியவில்லை. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கோ, அப்பாவைக் கூப்பிடும் கடதாசி என்று எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

தெருமுனைப் பெட்டியில் கடிதத்தை நானே போடுவேன் என்று அடம்பிடித்து வாங்கிப் போட்டேன். மூடியைத் திரும்ப இழுத்து, உள்ளே விழுந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தேன். விழுந்துவிட்டது. அப்பா வந்ததும் தூதரிடம் போவதற்கு அவருக்கு ஒரு கோட் வேண்டுமே, அங்கிளிடம் இரவல் கேட்கலாமா என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.